எழும்பி நின்றவள்

ஒபேத்து தூங்கிவிட்டான். இனி மடியில் துள்ளமாட்டான், அந்த மட்டுக்கும் நிம்மதி, கையை எங்கே வைப்பதென்று தவிக்காமல் அவன் முதுகில் வைத்துக்கொள்ளலாம், தட்டிக்கொடுக்கிற மாதிரியே இருந்துவிடலாம், பார்க்கிறவர்களுக்குப் பிள்ளையைக் கவனிக்கிறாள் என்று தோன்றும். எல்லோரும் பார்க்கிறார்கள். கல்யாணத்தன்றுகூட இந்தக் கோயிலில் நான் சபைக்கு முதுகைக் காட்டித்தான் நின்றேன், முகம் பீடத்துப் பக்கம் இருந்தது, அழுதாலும் பாதிரி ஐயருக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பீடத்துக்கு முன்னால் இரண்டு சிவப்பு நாற்காலி, ஒன்றில் அத்தான், ஒன்றில் நான், இரண்டு பேர் கழுத்திலும் சம்பங்கி மாலை. மாலையில் ஒரு எறும்பு இருக்கிறது, கழுத்தெலும்புப் பக்கம் ஊர்கிறது, எடுக்க முடியாது, கையைத் தூக்கினால் அத்தனை கண்ணும் கைக்குப் போகும். போகட்டும், கடிக்கட்டும். இன்றைக்கு எங்களுக்கு அனுப்புதல் ஆராதனை. மலாவி என்கிற தேசத்துக்கு அத்தானும் நானும் மிஷனெரிகளாகப் போகிறோம். ஒபேத்து கைப்பிள்ளை, அவன் எங்களோடு வருவான். கெசியா வரமாட்டாள், அவளுக்கு விடுதி. அதோ முன்னால் பாயில், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள், மஞ்சள் கவுன், இரண்டு பக்கமும் ரிப்பன், ஒன்று அவிழப் பார்க்கிறது. மற்றப் பிள்ளைகள் ஒன்றையொன்று கிள்ளுகிறது, பாய்க்கோரையைப் பிய்க்கிறது. அவள் மட்டும் என்னையே பார்க்கிறாள். பார்க்காதே பிள்ளை. நீ பார்த்தால் எனக்குச் சொல்ல வேண்டியது மறந்துபோகும்.

சொல்ல வேண்டியது என்றால் இரண்டு இருக்கிறது. அத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்த சாட்சி ஒன்று. அடுப்பங்கரையில் நான் வெங்காயம் உரிக்க உரிக்கச் சொல்லித் தந்தார்கள், எட்டாங்கிளாஸில் செய்யுள் ஒப்பித்த மாதிரி நானும் ஒப்பித்து வைத்திருக்கிறேன். கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம். ஆகாதவளும் பேசத் தெரியாதவளுமான என்னைக் கர்த்தர் தேடி வந்தார். கன்வென்ஷன் பந்தலில் அவர் என்னை எழுப்பினார், நான் எழும்பினேன். என் பிள்ளையையும் அவர் கையிலே ஒப்புக்கொடுத்து நான் சந்தோஷமாய்ப் போகிறேன். இவ்வளவுதான். "கடைசி வரியில சந்தோஷமாய்ங்கிறதை அழுத்திச் சொல்லணும் எப்சி, நீ அதை முழுங்கிருத" என்று அத்தான் சொன்னார்கள். முழுங்கத்தான் செய்கிறது, நானா முழுங்குகிறேன்? இன்னொன்று நானே வைத்திருக்கிறது. அது சின்னது. எனக்கு அழைப்பு வரவில்லை, என் பிள்ளையை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. அவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் நின்றுவிடும். மிஷனில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது, நேர்முகத்தில் மிஷனை நடத்துகிற நத்தானியேல் பிரதரே சொன்னார்: "மனைவி மனசில்லாம வந்தா நாங்க அனுப்புறதில்லைம்மா, பாதி வழியில திரும்பி வந்து நிக்கும். சபைக்கு முன்னால உங்க வாயால நீங்க சொல்லணும்." அன்றைக்கு இருந்து அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். என் வாயால். இதுவரைக்கும் என் வாயை நம்பி யாரும் எதையும் வைத்ததில்லை.

பாட்டு முடிந்துவிட்டது. நத்தானியேல் பிரதர் எழும்பி மைக்கைச் சரி செய்கிறார். செய்தி முடிந்ததும் சாட்சி, முதலில் அத்தான், அப்புறம் நான், பிறகு தலையில் கைவைத்து ஜெபம், பிறகு வெளியே பந்தலில் அசனம். சாம்பார் கொதிக்கிற மணம் இப்போதே ஜன்னல் வழியாக வருகிறது, ஊரே சேர்ந்து சாப்பிடப்போகிறது எங்களை அனுப்புகிற சாப்பாட்டை. ஃபுளோரா மதினி, அத்தானுடைய அக்கா, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறது. நேற்று ராத்திரி எங்கள் பெட்டியைக் கட்டும்போது சொன்னது, "ஏட்டி எப்சி, கடையில போய் கொத்தமல்லி எல கேக்கணும்னா என் மவளத் தொணைக்குக் கூப்பிடுவ. நீ போயி வெள்ளக்காரன் நாட்டுல பிரசங்கமா பண்ணப்போற?" நான் மெதுவாக, வெள்ளக்காரன் நாடு இல்ல மதினி, ஆப்பிரிக்கா என்றேன். "அமெரிக்காவோ ஆப்பிரிக்காவோ, எந்தக் காவா இருந்தா என்ன, வாயைத் தொறக்கணும்லா?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள், அத்தானும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மதினி கெட்டதில்லை. சிரித்து முடிந்த பிறகு அதுதான் கெசியாவின் தகரப்பெட்டியில் அந்துருண்டை போட்டது, ஒரு டப்பா முறுக்கை வேறு தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து அடியில் ஒளித்து வைத்தது. "விடுதியில மத்தப் பிள்ளைய பிடுங்கிரும், போர்வைக்குள்ள வச்சுத் தின்னுட்டி" என்று அவள் காதில் சொன்னது. பெட்டிக்கு நீலப் பெயிண்ட். மேலே வெள்ளையில் பி. கெசியா என்று அத்தான் எழுதினார்கள். எழுதும்போது தூரிகை வழியாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அவர்கள் மில்லில் எலெக்ட்ரீசியனாக இருந்தபோது ஃபியூஸ் போடும்போதும் அப்படித்தான் கடிப்பார்கள். நல்ல மனிதர். என்னிடம் ஒரு நாளும் கையை ஓங்கினதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் எப்போதோ சொல்லியிருப்பேனோ என்னவோ. கெட்டவர்களிடம் சொல்லிவிடலாம்.

அழைப்பு என்கிறார்களே, அது எப்படி வரும்? நான் யாரிடம் கேட்க. அத்தானுக்கு மில்லில் நைட் ஷிப்டில் வந்ததாம், மிஷினெல்லாம் ஓடுகிற இரைச்சலுக்குள்ளே தன் பேர் கேட்டதாம், பொன்சிங் என்று. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர்களுக்குக் கையில் மயிர் சிலிர்த்து நிற்கும், நான் பார்த்திருக்கிறேன், பொய்யில்லை. எனக்கும் வரட்டும் என்று ஜெபம் பண்ணினேன். முழங்காலில் நின்று பண்ணினேன், உபவாசம் இருந்து பண்ணினேன், ஒபேத்து வயிற்றில் இருக்கும்போது உபவாசம் கூடாது என்று ஐயர் மனைவி, எங்கள் ஐயரம்மா, திட்டும் வரைக்கும் இருந்தேன். ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றால் உள்ளே ஆள் நடமாடுகிறது தெரியுமே, பாத்திரம் உருளும், இருமல் கேட்கும், அப்படிக்கூட ஒன்றும் கேட்கவில்லை. கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, போ என்றாவது சொல்லலாம். இயேசப்பா, நான் வேண்டாமென்று சொல்லவில்லை, நீங்கள் கூப்பிட்டது என்று தெரிந்தால் போய்விடுவேன், கெசியாவை விட்டுவிட்டுக்கூடப் போய்விடுவேனோ என்னவோ, அது தெரியாது, ஆனால் கூப்பிடவே இல்லையே. கூப்பிடாத கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது எனக்கு. இலை போட்டுவிட்டார்கள். எழும்பவும் முடியாது. எழும்புவது. எங்கே சுற்றினாலும் அங்கேயேதான் வந்து நிற்கிறது புத்தி. அந்தப் பந்தல்.

தேரிக்காட்டுச் செம்மணலில் பந்தல். கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி நாள் சாயங்காலம். அப்போது கெசியாவுக்கு நாலு வயது. பெண்கள் பக்கத்தில் நடுவில் உட்கார்ந்திருந்தேன், சுற்றிலும் சம்மணம் போட்ட முழங்கால், வழி கிடையாது. இதே நத்தானியேல் பிரதர்தான் பேசினார். எல்லோரும் கண்ணை மூடுங்கள், தலையைத் தாழ்த்துங்கள் என்றார், மூடினோம். கீபோர்டு மட்டும் மெதுவாக வாசிக்கிறார்கள். அப்போது கெசியா என் சுண்டு விரலைப் பிடித்தாள். அதுதான் அவளுக்கு அடையாளம். அவளுக்கு ஒண்ணுக்கு வந்தால் வாயால் சொல்லமாட்டாள், வெட்கம், என்னை மாதிரி. பக்கத்தில் இருந்தால் என் சுண்டு விரலைப் பிடிப்பாள், தூரத்தில் இருந்தால் தன் சுண்டு விரலை நெஞ்சோடு ஒட்டி, இவ்வளவே இவ்வளவு தூக்கிக் காட்டுவாள், எனக்குத் தெரிந்தால் போதும் என்கிற மாதிரி. அடக்கு பிள்ளை, இன்னும் கொஞ்சம், என்றேன். அவளால் அடக்க முடியாது, பிடி இறுகிக்கொண்டே வந்தது. எல்லோருக்கும் கண் மூடியிருக்கிறது, யாருக்கும் தெரியாது, இப்போதே ஓரமாகப் போய்விடலாம் என்று அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழும்பினேன். மேலே மைக்கில் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவே இல்லை. மற்றவர்களெல்லாம் பிறகு சொன்னார்கள்: வெளிதேசத்துக்குப் போகத் தன்னையும் தன் பிள்ளையையும் கர்த்தருக்குக் கொடுக்கிற ஒரே ஒரு தாய் இந்தப் பந்தலில் உண்டா, இருந்தால் எழும்பி நில் என்று கேட்டாராம், கேட்டு வாயை மூடவில்லை, நான் எழும்பி நிற்கிறேன். "அதோ! அதோ ஒரு சகோதரி பிள்ளையோடு எழும்பி நிற்கிறாள்! அல்லேலூயா!" பந்தலே கண்ணைத் திறந்தது. ஆயிரம் முகம். உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருக்க வேண்டும். முழங்கால் மடங்கவில்லை. வாலண்டியர் அக்காமார் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு பக்கம் தாங்கி, என்னமோ மயங்கி விழப்போகிறவளைத் தாங்குகிற மாதிரி தாங்கி, மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கா, பிள்ளைக்கு, என்று ஆரம்பித்தேன். "அழாதீங்கம்மா, பிள்ளையை அவர் பாத்துக்குவார்" என்றார்கள். நான் அழவேயில்லை. மேடையில் பிரதர் என் தலையில் கையை வைத்தார், ஆயிரம் பேர் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார்கள், அப்போது என் இடுப்பு சூடாக நனைந்தது. கெசியா என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒண்ணுக்கு என்கிற வார்த்தையை அவ்வளவு பேருக்கு முன்னால், அந்த மைக்குக்கு முன்னால், எப்படிச் சொல்ல? அவ்வளவுதான் நடந்தது. என் அழைப்பு அவ்வளவுதான்.

ஆனால் அத்தான் ஆண்கள் பக்கத்தில் இருந்தார்களே. அவர்கள் கர்த்தரிடம் ஒரு அடையாளம் கேட்டிருந்தார்களாம், எனக்குத் தெரியாது. நான் கேட்காமல், நான் சொல்லாமல், எப்சிபா தானாக எழும்பி நின்றால் நான் போகிறேன் என்று. என்னைத் தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள், நடக்கவே நடக்காத காரியத்தைக் கேட்டால்தானே அது அடையாளம். வீட்டுக்கு வந்து, நான் சேலையை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கும்போது, பின்னால் வந்து தரையில் உட்கார்ந்து என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "எனக்கு இருந்த விசுவாசத்தைவிட உனக்குப் பெருசு எப்சி, நான் உன்னைத் தெரியாமலே இருந்துட்டேன்" என்றார்கள். என் வாழ்நாளில் யாரும் என்னைப் பெரிது என்று சொன்னதில்லை. கையில் நனைந்த சேலை. சொட்டுச் சொட்டாக அவர்கள் தலையில் விழுகிறது. அப்போது சொல்லியிருக்கலாம், அத்தான், பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தது என்று. சொல்லியிருந்தால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன், நினைத்தேன், நினைத்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் மில் வேலையை விட்டுவிட்டார்கள்.

பிறகு சொல்லாமல் இல்லை. ஒரு நாள் ஐயரம்மாவிடம் போனேன். மாவு திரிக்கப் போகிற வழியில், தூக்குவாளியோடு, பின்வாசலில் நின்று சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டே முழுக்கச் சொன்னேன், அந்த வார்த்தையையும் சேர்த்துத்தான். அது கேட்டுவிட்டுச் சிரித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. "ஐயோ எப்சி! இதுக்காடி கொமஞ்சுக்கிட்டுக் கெடந்த? எதை வச்சு எழுப்பினா என்ன, எழுப்பினது யாரு? அந்த நேரத்துல அந்தப் பிள்ளைக்கு ஏன் வரணும்? கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா, பிந்தி வந்திருக்கக் கூடாதா? அதுதான் கர்த்தருடைய ஞானம். இதையும் உன் சாட்சியில சொல்லு, நல்லா இருக்கும்" என்றது. நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மாவு திரிக்கப் போனேன். கதவு என்று நினைத்துக் கையை வைத்தேன், அது சுவரில் வரைந்த கதவு. நிஜமாகவே கர்த்தர் அப்படிச் செய்திருந்தால்? ஏன் செய்யக் கூடாது, அவருக்கு எது அற்பம்? அப்படியானால் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், நாலு வயதுப் பிள்ளையின் வயிற்றைப் பிசைந்து என்னைப் பிடித்திருக்கிறார். அப்படியில்லை என்றால் சும்மா ஒரு பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தது, அதற்காக நாங்கள் கடல் தாண்டிப் போகிறோம். இரண்டில் எது என்றாலும் எனக்குக் குளிர்கிறது. இதை நினைக்கக் கூடாது, கோயிலில் உட்கார்ந்து நினைக்கிற நினைப்பா இது. ஒபேத்தின் தலை வியர்த்திருக்கிறது. மாலைப் பூ அவன் காதில் குத்துகிறது. ஒதுக்கிவிட்டேன்.

பிரதர் மலாவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடல் மாதிரி ஒரு ஏரி, சோளமாவுக் களி, கொசுக் காய்ச்சல். அந்தப் பாஷையில் அம்மாவுக்கு அமாயி என்பார்கள் என்று அத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் உன்னை அமாயி அமாயி என்று கூப்பிடும் எப்சி, நீ எத்தனை பிள்ளைக்கு அம்மா தெரியுமா என்றார்கள். கேட்டுக்கொண்டே கெசியாவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பிள்ளை வேண்டும் எனக்கு? பள்ளிக்கூட வயசுப் பிள்ளையை அந்த இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மிஷன் சட்டம், பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாதாம். மிஷனெரி பிள்ளைகளுக்கு என்றே மலையடிவாரத்தில் விடுதி இருக்கிறது. நல்ல இடம்தான். சுற்றி மாமரம், தரையெல்லாம் வழுவழுவென்று துடைத்திருக்கிறது. கட்டில் வரிசையாக, ஒரே மாதிரி போர்வை. போனபோது நான் வார்டன் அம்மாவை ஓரமாகக் கூட்டிப்போய், இவ ராத்திரி படுக்கையை நனைப்பா, என்று சொன்னேன், அதைச் சொல்லவே எனக்கு அந்த வளாகத்தை இரண்டு தடவை சுற்றிவர வேண்டியிருந்தது. அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. "வர்ற பிள்ளைங்க பாதி அப்படித்தான்மா. நாங்க எழுப்பி விட்டுருவோம். நனைச்சா அவங்களே போர்வையைக் கொண்டுபோய்க் காயப்போடணும், ரெண்டு மாசத்துல சரியாப்போகும், வெட்கம் வந்துரும்ல" என்றது. வெட்கம் வந்துவிடும். இவளுக்கு வெட்கம் ஏற்கனவே இருக்கிறதம்மா, வெட்கத்தினால்தான் இவள் சொல்லாமல் நனைக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கெசியா கேட்டாள், "அம்மா, அங்க ராத்திரி நான் யார் வெரலப் பிடிக்க?" பஸ் இரைச்சலில் கேட்காத மாதிரி நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். காற்றாலை, காற்றாலை, காற்றாலை. ஒன்று மட்டும் சுற்றாமல் நின்றது.

கெசியா இன்னும் என்னைப் பார்க்கிறாள். சொல்லிவிடுவேன் பிள்ளை, இன்றைக்குச் சொல்லிவிடுவேன். மைக் கைக்கு வந்ததும் ஸ்தோத்திரம் என்று ஆரம்பிக்கவே கூடாது, ஆரம்பித்தால் மற்றது தானாக வழிந்துவிடும், நாக்குக்குப் பழகிவிட்டது. எனக்கு, என்று ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அழைப்பு வரவில்லை. அத்தானுடைய முழங்கால் ஆடுகிறது, சந்தோஷத்தில். அவர்கள் பக்கம் திரும்பக் கூடாது. அசனத்துக்கு வந்த ஊர் சாப்பிடாமல் போகாது, சாப்பிட்டுக்கொண்டே பேசும், பேசட்டும். மில்லில் மறுபடி எடுப்பார்களா தெரியாது. அத்தான் முகம் எப்படி ஆகும் என்று தெரியாது. ஒரு ஆளை உள்ளேயே கொன்றுபோட்டு அவரோடு கூடப் படுத்து எழும்ப முடியுமா? முடியும். பிள்ளை கூட இருந்தால் முடியும். எனக்கு. எனக்கு. எறும்பு கடித்துவிட்டது, கடிக்கட்டும், நல்லது, புத்தி அந்த இடத்தில் நிற்கிறது.

"எல்லாரும் கண்களை மூடுங்கள்." இது இன்றைக்கு இல்லையே. சாட்சி அல்லவா அடுத்தது. பிரதர் மைக்கை வாய்க்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டார், குரல் தாழ்ந்துவிட்டது, கீபோர்டு ஆரம்பித்துவிட்டது, அதே வாசிப்பு. "இந்தக் குடும்பம் போகிறது. இவர்களுக்குப் பின்னால் யார்? இன்னும் ஒரு ஆத்துமா இந்தச் சபையில் இருக்கிறது, கர்த்தர் எனக்குக் காட்டுகிறார், எழும்பி உன் கையை உயர்த்து..." தலைகள் எல்லாம் கவிழ்ந்துவிட்டன, மதினியின் விசிறிகூட நின்றுவிட்டது. நான் மூடவில்லை. நான் மூடாததினால் பார்த்தேன். பாயில் கெசியா எழும்புகிறாள். ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டு, கவுனை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நெஞ்சோடு ஒட்டி இவ்வளவே இவ்வளவு தூக்கி, சுண்டு விரல். எனக்கு. எனக்கு மட்டும். உட்காரு பிள்ளை, இல்லை, ஓடு, வெளியே ஓடு. தலையை ஆட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. விரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

"ஆண்டவரே!" என்றார் பிரதர். "கண்களைத் திறவுங்கள், திறந்து பாருங்கள். யார் கை என்று பாருங்கள்." கீழே இறங்கிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டார். தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். அவருக்கு அழுகையாக வந்தது, நடிப்பில்லை, நிஜமாகவே வந்தது, என் அத்தான் அழுதார்கள், ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள், ஃபுளோரா மதினி வாயைப் பொத்திக்கொண்டது. "பாப்பா பேர் என்ன?" மைக்கை அவள் வாய்க்கு நேராகக் குனிந்து பிடித்தார். அவள் கவுனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "கெசியா" என்றார்கள் அத்தான். "கெசியா யாருக்காக எழும்பினா? இயேசப்பாவுக்காகத்தானே? அம்மாவும் அப்பாவும் போன பிறகு நீயும் பெரியவளாகிப் போவியா?" கெசியா என்னைப் பார்த்தாள். ஊரே பார்க்கிறது, அவள் என்னைப் பார்க்கிறாள், நான் சொல்வேன் என்று. ஒரு வார்த்தை. பிள்ளைக்கு ஒண்ணுக்கு வருது பிரதர். அதைச் சொன்னால் போதும், அதற்குப் பின்னால் எல்லாம் சரிந்து வந்துவிடும், அந்தப் பந்தல் வரைக்கும் சரிந்துவிடும். வாயைத் திறந்தேன். நான் வாயைத் திறந்தது எனக்கே தெரியும். கெசியா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பிரதர் பக்கம் திரும்பி, ஆமா என்று தலையை ஆட்டினாள். நான் அந்தத் தலையாட்டலைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கோயில் முழுக்க அடங்கவே இல்லை. அத்தான் தன் சாட்சியைச் சொல்ல எழும்பவில்லை, முகத்தை மூடிக்கொண்டு, "நீ சொல்லு எப்சி, என்னால முடியல" என்று கையைக் காட்டிவிட்டார்கள். மைக் என் கைக்கு வந்துவிட்டது. கனமாக இருக்கிறது, பிரதரின் கைச்சூடு இன்னும் அதில் இருக்கிறது. ஒரு கையில் ஒபேத்து, ஒரு கையில் மைக், எழும்பி நிற்கிறேன். கெசியா என் காலோடு ஒட்டிக்கொண்டு, ஒபேத்தின் முதுகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த என் சுண்டு விரலை எட்டிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு, என்று ஆரம்பிக்க வேண்டும். "கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்றது மைக். என் குரல் அவ்வளவு பெரிதாக நான் கேட்டதே இல்லை, சுவரில் மோதித் திரும்பி வருகிறது. ஆகாதவளும் பேசத் தெரியாதவளுமான என்னைக் கர்த்தர் தேடி வந்தார். என் பாதத்தில் சூடாக ஏதோ தொட்டது. குனியவில்லை. விரலுக்கிடையில் பரவுகிறது, கெசியாவின் உடம்பு என் தொடையோடு நடுங்கி நடுங்கி அடங்குகிறது. காலை மெதுவாக அகற்றி வைத்தேன், சேலைக் கொசுவம் விரிந்து தரையில் விழுந்து அந்த ஈரத்தை மூடிக்கொண்டது, யாருக்கும் தெரியாது. கன்வென்ஷன் பந்தலில் அவர் என்னை எழுப்பினார், நான் எழும்பினேன். மதினி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறது, எப்சியா பேசுகிறது என்று. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. என் பிள்ளையையும் அவர் கையிலே ஒப்புக்கொடுத்து நான் சந்தோஷமாய்ப் போகிறேன். சந்தோஷமாய் என்பதை முழுங்கவில்லை, அத்தான் சொன்ன மாதிரியே அழுத்திச் சொன்னேன். கொசுவத்தின் ஓரம் குளிர ஆரம்பித்தது. வேலை முடிந்துவிட்டதல்லவா, கெசியா என் விரலை விட்டுவிட்டாள்.